2025, 2056, 1947, 1447, 1435: ஒரே நாளுக்கு ஏன் இத்தனை வருஷம்?

2025 ஆகஸ்ட் 22-ஐ எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை, சென்னை தினம். அன்றைக்குத் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் விசுவாவசு வருஷம், ஆவணி 6. தமிழ்நாடு அரசின் கணக்கில் திருவள்ளுவர் ஆண்டு 2056. மத்திய அரசின் தேசிய நாள்காட்டியில் சக ஆண்டு 1947. திருவல்லிக்கேணிப் பள்ளிவாசலில் கேட்டால் ஹிஜ்ரி 1447 என்பார்கள், தாலுகா ஆபீஸில் கேட்டால் பசலி 1435. பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்துக்கு அது கொல்லம் 1201, அதுவும் பிறந்து ஆறாவது நாள். சௌகார்பேட்டையில் ராஜஸ்தான்காரர் விக்ரம் சம்வத் 2082 என்று சொல்வார், அதே தெருவில் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர் 2081 என்பார். பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால் கலியுகம் 5127 என்று இருக்கும், இன்னொரு பஞ்சாங்கத்தில் 5126 என்று இருக்கும்.

இதில் எது சரி என்று கேட்டு வருஷா வருஷம் சித்திரை பிறக்கும்போதும் தை பிறக்கும்போதும் ஒரு சண்டை நடக்கிறது. எல்லாமே சரிதான். ஒரு வருஷத்தின் எண்ணை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் அதற்கு அர்த்தமே கிடையாது, அந்த எண்ணோடு சில கேள்விகளுக்கும் பதில் வேண்டும்: எங்கிருந்து எண்ண ஆரம்பித்தார்கள், வருஷம் எந்த நாளில் மாறுகிறது, அந்த வருஷத்தின் நீளம் என்ன, எண்ணுவது ஓடுகிற வருஷத்தையா முடிந்த வருஷத்தையா. இவ்வளவு தெரிந்துவிட்டால் எந்தப் பழைய ஜாதகத்தையும் பத்திரத்தையும் கையில் எடுத்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

முதல் கேள்வி சுலபம். சக ஆண்டு கி.பி. 78-லிருந்து, விக்ரம் கி.மு. 57-லிருந்து, கொல்லம் கி.பி. 825-லிருந்து, ஹிஜ்ரி கி.பி. 622-ல் நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்ததிலிருந்து, திருவள்ளுவர் ஆண்டு கி.மு. 31-லிருந்து, கலியுகம் கி.மு. 3102-லிருந்து. ஆகவே ஆங்கில வருஷத்தோடு 31-ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு, 78-ஐக் கழித்தால் சக ஆண்டு (ஜனவரியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை 79).

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கப் புள்ளி பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் வைத்ததுதான். கி.பி. ஒன்றாம் ஆண்டில் வாழ்ந்த யாருக்கும் அது ஒன்றாம் ஆண்டு என்று தெரியாது, டயோனிசியஸ் எக்ஸிகுவஸ் என்ற துறவி கி.பி. 525-ல்தான் அந்தக் கணக்கைப் போட்டார். ஹிஜ்ரி எண்ணிக்கையும் நபிகள் காலத்துக்குப் பிறகு, இரண்டாம் கலீஃபா உமரின் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. திருவள்ளுவர் ஆண்டுக்குக் கி.மு. 31 என்று மறைமலையடிகள் முன்வைத்ததும் இந்த வகைதான். வள்ளுவர் அந்த வருஷம்தான் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்பதில் தப்பில்லை, ஆனால் சான்று இல்லை என்பதால் அந்த எண்ணிக்கை உதவாது என்று சொல்வது நியாயமில்லை. எல்லாரும் ஒரே புள்ளியை ஏற்றுக்கொண்டால் எண்ணிக்கை ஓடும், அதற்கு அது போதும்.

இதற்கெல்லாம் முன்னால் நம் ஊரில் அரசனுக்கு அரசன் எண்ணிக்கை புதிதாக ஆரம்பிக்கும். சென்னையிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்கும் உத்திரமேரூரில், குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் கல்வெட்டில் நூற்றாண்டு எண்ணெல்லாம் கிடையாது, பராந்தகச் சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, பதினான்காம் ஆட்சியாண்டு என்றுதான் இருக்கிறது. பராந்தகன் கி.பி. 907-ல் பட்டத்துக்கு வந்தான் என்பது வேறு வழியில் தெரிந்ததால்தான் அவற்றை 919, 921 என்று சொல்ல முடிகிறது.

அப்புறம் வருஷம் மாறும் நாள். குழப்பத்தில் பாதிக்கு மேல் இங்கேதான்.

தமிழ்நாடு அரசிதழின் முகப்பில் ஆங்கிலத் தேதிக்குக் கீழே தமிழ்த் தேதியும் வரும். 2020 பிப்ரவரி 5-ஐ எடுத்துக்கொண்டால் அது தை 22, விகாரி, திருவள்ளுவர் ஆண்டு 2051. இந்த ஒரு வரியை நின்று படியுங்கள். 2020-ம் 31-ம் சேர்ந்தால் 2051, சரி. ஆனால் விகாரி 2019 ஏப்ரலில் பிறந்த வருஷம். அதாவது அந்த வரியில் எண் ஏற்கெனவே மாறிவிட்டது, பெயர் இன்னும் மாறவில்லை. காரணம், திருவள்ளுவர் ஆண்டு தை முதல் நாளில் மாறுகிறது, அறுபது வருஷப் பெயர்கள் சித்திரை முதல் நாளில் மாறுகின்றன. தையிலிருந்து பங்குனி முடிய மூன்று மாதம் இரண்டும் இப்படி முன்னும் பின்னுமாகத்தான் போகும், அது அச்சுப் பிழை அல்ல. 2008-ல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் கொண்டுவந்தார்கள், 2011-ல் அதை ரத்து செய்தார்கள், ஆனால் திருவள்ளுவர் ஆண்டு இரண்டு ஆட்சியிலும் தையில்தான் மாறியது.

பக்கத்து வீட்டிலும் இதைப் பார்க்கலாம். தெலுங்கர்களுக்கும் கன்னடர்களுக்கும் நம்முடைய அதே அறுபது பெயர்கள்தான், அதே வரிசைதான். ஆனால் அவர்கள் வருஷம் யுகாதியில் பிறக்கும், யுகாதி சந்திரனை வைத்து வருவது. 2025-ல் அது மார்ச் 30. நமக்குச் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. ஆகவே நடுவில் இருந்த அந்த இரண்டு வாரம், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிரெதிர் கதவுகளில், ஒரு வீட்டில் விசுவாவசு, இன்னொரு வீட்டில் குரோதி. கோயிலில் சங்கல்பம் சொல்லும்போது யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து வருஷத்தின் பெயர் மாறியிருக்கும்.

சௌகார்பேட்டை விஷயமும் இதேதான். ராஜஸ்தானில் விக்ரம் சம்வத் சைத்ர மாதத்தில் மாறுகிறது, குஜராத்தில் தீபாவளி முடிந்து புதுக் கணக்குப் புத்தகம் போடும்போது மாறுகிறது. எண்ணிக்கை ஒன்று, தொடக்கமும் ஒன்று, புரட்டும் நாள் மட்டும் ஏழு மாதம் தள்ளி. அதனால்தான் ஆகஸ்டில் ஒருவர் 2082, ஒருவர் 2081. தீபாவளி முடிந்ததும் இருவரும் ஒரே எண்ணுக்கு வந்துவிடுவார்கள்.

ஆங்கிலக் காலண்டர் மட்டும் இதில் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் கோட்டையில் கும்பினியார் வந்து உட்கார்ந்த காலத்தில் இங்கிலாந்தில் வருஷம் சட்டப்படி மார்ச் 25-ல்தான் மாறியது. அந்தக் கணக்கில் எழுதிய ஆவணத்தில் 1699 ஜனவரி என்று இருந்தால், நம் கணக்கில் அது 1700 ஜனவரி. போதாக்குறைக்கு அவர்கள் பழைய ஜூலியன் காலண்டரை 1752 வரை விடவில்லை, பாண்டிச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களோ இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் முறையில் எழுதினார்கள். 1746-ல் பிரெஞ்சுப் படையிடம் சென்னை சரணடைந்த நாள் ஆங்கிலேயருக்குச் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்குச் செப்டம்பர் 21. அதே காலத்தில் பாண்டிச்சேரியில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது அட்சய வருஷம் புரட்டாசி மாதம். மூன்றும் ஒரே நாள். அந்தக் காலச் சென்னையைப் பற்றிப் படிக்கிறவர்கள் இந்தப் பதினொரு நாள் வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரு சம்பவத்தை இரண்டாக எண்ணிவிடுவார்கள். 1752-ல் இங்கிலாந்து செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று அறிவித்து இந்த இடைவெளியை மூடியது.

சரி, இப்போது பெயர்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பிரபவ, விபவ, சுக்கில என்று ஆரம்பித்து அட்சய என்று முடியும் அறுபது பெயர்கள். முடிந்ததும் மறுபடி பிரபவ. கடைசியாகப் பிரபவ வந்தது 1987 ஏப்ரலில், அடுத்தது 2047-ல். இந்த வரிசையை மனப்பாடம் செய்ய முடியாதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும்: ஆங்கில வருஷத்திலிருந்து 6-ஐக் கழித்து 60-ஆல் வகுங்கள், மீதிதான் வரிசை எண். 2025-ல் 6 போனால் 2019, வகுத்தால் மீதி 39, முப்பத்தொன்பதாவது பெயர் விசுவாவசு. மீதி பூஜ்யம் வந்தால் அறுபதாவது, அட்சய. 1746-ஐப் போட்டுப் பாருங்கள், சரியாக அட்சய வரும். சென்னை பிறந்ததாகச் சொல்லும் 1639-ஐப் போட்டால் மீதி 13, பிரமாதி வருஷம். ஒரே நிபந்தனை, ஜனவரியிலிருந்து ஏப்ரல் 13 வரை முந்தைய ஆங்கில வருஷத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

இதை வைத்து ஒரு ஜாதகத்தைப் பார்ப்போம். பாட்டியின் ஜாதக நோட்டில் விரோதி வருஷம், மாசி மாதம் என்று இருக்கிறது, ஆங்கிலத் தேதி இல்லை. விரோதி வரிசையில் 23-ஆவது. 1927-ல் பிரபவ ஆரம்பித்த சுற்றில் 23-ஆவது வருஷம் 1949. ஆனால் மாசி என்பதால் அது 1950 பிப்ரவரி அல்லது மார்ச். இங்கேதான் நிறையப் பேர் 1949 என்று எழுதிவிடுகிறார்கள், அப்புறம் ஆதாரில் ஒரு வயது, ஓய்வூதியப் புத்தகத்தில் ஒரு வயது என்று அலைய வேண்டியதாகிறது. இன்னொரு ஆபத்து, பெயர்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விரோதி 23-ஆவது, விரோதகிருது 45-ஆவது, அது 1971. அரைகுறையாக அழிந்த எழுத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் 22 வருஷம் தவறிவிடும். பிரமாதியும் பிரமாதீசவும் அப்படித்தான், குரோதியும் குரோதனவும் அப்படித்தான். சுபகிருதும் சோபகிருதும் அடுத்தடுத்து வருவதால் அங்கே ஒரு வருஷத்தோடு போய்விடும்.

பெயர் முறையின் பலவீனம், ஒரே பெயர் 1889-லும் வந்தது, 1949-லும் வந்தது, 2009-லும் வந்தது. குடும்பத்துக்குள் பிரச்சினை இல்லை, பாட்டி எந்த விரோதியில் பிறந்தார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நூறு வருஷம் தாண்டிய ஆவணத்தில்தான் திணற வேண்டும். ஆனால் அதே சுழற்சிதான் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆதாரம்: பிறந்த வருஷத்தின் பெயர் வாழ்நாளில் முதல் தடவையாகத் திரும்பி வருகிறது, அதே மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து வரும் நாளில் திருக்கடையூருக்குக் கிளம்புகிறார்கள். விரோதியில் பிறந்தவருக்கு விரோதியில்தான் அது நடக்கும்.

அறுபது ஏன்? வியாழன் சூரியனை ஒரு முறை சுற்ற 12 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. ஐந்து சுற்றுக்கு அறுபது, ஏறக்குறைய. அந்தக் 'கொஞ்சம் குறைவு'தான் வடக்கையும் தெற்கையும் பிரித்தது. வியாழன் ஒரு ராசியைக் கடக்கும் காலம் சுமார் 361 நாள், சூரிய வருஷத்தைவிட நான்கு நாள் கம்மி. வடநாட்டு முறையில் அந்தக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, சுமார் 85 வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பெயரைத் தாண்டிவிடுகிறார்கள். தெற்கில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தாண்டுவதே இல்லை, வருஷத்துக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். விளைவு, நமக்கு விசுவாவசு ஓடும்போது வடக்கே பதின்மூன்று பதினான்கு பெயர் முன்னால் போயிருக்கிறார்கள். இணையத்தில் வருஷத்தின் பெயரைத் தேடினால் வேறு பெயர் வருகிறதே என்று திகைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வடநாட்டுப் பட்டியலில்தான் போய் விழுந்திருப்பார்கள்.

வருஷத்தின் நீளத்துக்கு வந்தால் ஹிஜ்ரிதான் பாடம். அது முழுக்கச் சந்திரனை வைத்தது, 354 அல்லது 355 நாள். யுகாதியும் சந்திரக் கணக்குதான், ஆனால் அங்கே அவ்வப்போது ஒரு அதிக மாதம் சேர்த்துச் சூரியனோடு ஒட்டவைத்துவிடுவார்கள். ஹிஜ்ரியில் அது கிடையாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் ரம்ஜான் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. 2008-ல் ஜனவரியில் ஹிஜ்ரி 1429 பிறந்தது, அதே டிசம்பரில் 1430-ம் பிறந்துவிட்டது. 2030-ல் ரம்ஜான் நோன்பு ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் ஆரம்பிக்கும். ஆகவே ஹிஜ்ரியை ஆங்கில வருஷமாக்க வெறும் 622-ஐக் கூட்டினால் தப்பு, 33 ஹிஜ்ரி வருஷம் சுமார் 32 ஆங்கில வருஷத்துக்குச் சமம் என்று சுருக்கிக்கொண்டுதான் கூட்ட வேண்டும்.

பசலியைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பார்க்கும் எண் அது, எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் பசலி எண் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் மே, ஜூனில் தாலுகாவில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது பேனரில் பசலி எண் போட்டிருப்பார்கள், 2025-ல் நடந்தது 1434-க்கான ஜமாபந்தி. இந்த எண் பிறந்தது ஹிஜ்ரியில். முகலாயர் ஆட்சியில் அரசு ஆவணம் ஹிஜ்ரியில் ஓடியது, ஆனால் வரி வருவது அறுவடையிலிருந்து. அறுவடை சூரியனைப் பின்பற்றுகிறது, ஹிஜ்ரி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கணக்கில் வசூலித்தால் விவசாயி 32 அறுவடைக்கு 33 வருஷ வரி கட்ட வேண்டிவரும். அதனால் அக்பர் காலத்தில் ஹிஜ்ரி எண்ணை அப்படியே எடுத்து, அதற்குப் பிறகு சூரிய வருஷமாக எண்ணும்படி மாற்றினார்கள். தக்காணத்தில் ஷாஜஹான் காலத்தில், 1636-ல், ஹிஜ்ரி 1046 ஓடிக்கொண்டிருந்தபோது இதைச் செய்தார்கள். 1636-ல் 1046-ஐக் கழியுங்கள்: 590. இன்றைக்கும் ஆங்கில வருஷத்தில் 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் பிறக்கும் பசலி வந்துவிடும். நம் பக்கத்தில் ஆடி முதல் தேதியில் மாறிக்கொண்டிருந்ததைப் பிற்பாடு ஜூலை 1 என்று நிலைப்படுத்தினார்கள்.

ஒரே எண்ணில் கிளம்பிய இரண்டும் இப்போது எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஹிஜ்ரி 1447, பசலி 1435. பன்னிரண்டு வருஷம் பிரிந்துவிட்டன. இடையில் ஓடிய காலம் இரண்டுக்கும் ஒன்றுதான். வருஷத்துக்குப் பதினொரு நாள் என்ற வித்தியாசம் கிட்டத்தட்ட நானூறு வருஷத்தில் இத்தனையாகச் சேர்ந்திருக்கிறது.

மத்திய அரசின் சக ஆண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுதந்திரத்துக்குப் பிறகு நாடு முழுக்கப் பல பஞ்சாங்கங்கள் இருந்ததால், விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் ஒரு குழு போட்டு, 1957 மார்ச் 22-ஐச் சைத்ர மாதம் 1, சக ஆண்டு 1879 என்று ஆரம்பித்தார்கள். மார்ச் 22 என்பது பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டியது. நம் சித்திரை முதல் நாள் சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்து வருவது, அது நட்சத்திரங்களைச் சார்ந்த கணக்கு, சுமார் 60, 70 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பின்னால் தள்ளிப்போகிறது. இதைத் திருத்த வேண்டும் என்பது குழுவின் எண்ணம். இந்திய அரசிதழில் இன்றும் அந்தத் தேதி வருகிறது, வீடுகளுக்குள் மட்டும் வரவில்லை. திருவிழாவும் முகூர்த்தமும் இல்லாத காலண்டரை யார் சுவரில் மாட்டுவார்கள்?

கடைசியாக, கலியுகத்தின் அந்த 5126, 5127 விஷயம். குழந்தைக்கு வயது கேட்டால் 'இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது' என்று சொல்கிறோம் அல்லவா, அதேதான். 5126 வருஷம் முடிந்துவிட்டது, 5127-ஆவது நடக்கிறது. நம் பழைய வானியலாளர்கள் முடிந்த வருஷத்தை வைத்தே கணக்குப் போட்டார்கள், ஆரியபட்டர் தனக்கு 23 வயதானபோது கலியில் 3600 வருஷம் கடந்திருந்தது என்று சொல்வது கி.பி. 499-ஐக் குறிக்கிறது. ஆங்கில வருஷம் ஓடுகிற வருஷம். அதில் பூஜ்யம் என்ற வருஷமும் இல்லை, கி.மு. 1-க்கு அடுத்தது நேராகக் கி.பி. 1. கி.மு.விலிருந்து எண்ணும்போது ஒன்று கூடுகிறதே, குறைகிறதே என்று தடுமாறுவது இதனால்தான். புத்த ஆண்டிலும் இதே கதை: 2025-ஐத் தாய்லாந்தில் 2568 என்கிறார்கள், இலங்கையில் அந்த வருஷ வெசாக் பண்டிகைக்கு (புத்த பூர்ணிமா) 2569 என்று போட்டார்கள்.

பழைய கல்வெட்டைப் படிக்கிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் சக எண்ணும் வருஷத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கும். சக எண்ணோடு 12-ஐக் கூட்டி 60-ஆல் வகுத்தால் மீதி அந்தப் பெயரின் வரிசை எண்ணாக வர வேண்டும். சகாப்தம் (அதாவது சக ஆண்டு) 1500 என்று இருந்தால் 1512, மீதி 12, வெகுதானிய. பெயரும் வெகுதானிய என்றே இருந்தால் அது கி.பி. 1578-79, எழுதியவர் முடிந்த வருஷத்தை எண்ணியிருக்கிறார். பெயர் வெகுதானிய, எண் மட்டும் 1501 என்றால், எழுதியவர் ஓடுகிற வருஷத்தை எண்ணியிருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் பெயரை நம்பி, கூடவே கிழமையும் திதியும் நட்சத்திரமும் கொடுத்திருந்தால் அவற்றை வைத்துச் சரிபார்த்துக்கொள்வார்கள்.